மூளைக்குள் ஊதாத சங்கு!

டிரிங்... டிரிங்...

செல்போன் அலறியது.

டாக்டர் கிருபாசங்கர் எடுக்கவில்லை.

அடிக்கட்டும்! காலையிலிருந்து காத்துக் கிடந்த போன். முதல் மணியிலேயே எடுத்தால் நன்றாக இருக்காது.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அவனுடைய சர்க்கரை நோய் கிளினிக். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியிடம் "இனிப்பைக் கண்ணால கூடப் பாக்கக்கூடாதுங்க" என்று சொல்லி வெளியே அனுப்பினான். தன் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான். அப்புறம்தான் போனை எடுத்தான்.

"மாப்ள...!"

காது கிழிந்தது. வெள்ளகோவிலில் இருந்து மாமியார் சாமியாத்தாள்!

"சொல்லுங்கத்தை. என்னாச்சுங்க?"

"உங்க மாமா அசையாமப் படுத்திருக்காருங்க! தொட்டு எழுப்பறேன்... தோளைப் புடிச்சு உலுக்கறேன்... கண்ணே தொறக்க மாட்டேங்கறாருங்க மாப்ள!"

"காலைல ஊசி போட்டாருங்களா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"போட்டாருங்க... நீங்க சொல்லிப் போடாம இருப்பாருங்களா?"

"புதுப் பேனா ஊசிதானுங்களே?"

"அதேதானுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுங்களா?"

"வேண்டாங்க!" கத்தியே விட்டான். உடனே குரலில் பாசத்தைத் தடவினான். "தொடவே வேண்டாங்கத்தை. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. சக்கரைத் தண்ணி சுத்தமா ஆகாது! நான் வாரேன்."

"வெரசா வாங்க மாப்ள..."

"பறந்து வாரேங்க."

போனை வைத்தான்.

பறக்கவில்லை. டீயை உறிஞ்சினான். ஆறியிருந்தது. பரவாயில்லை, வெள்ளகோவிலிலும் ஒன்று ஆறிக்கொண்டுதானே இருக்கிறது!

மாமனார் பொங்கியண்ணன். எண்ணெய் மில், தென்னந்தோப்பு, பெருந்துறை ரோட்டோரத்தில் வேலி போட்ட வெறும் நிலம். அந்த நிலத்தில் தன் பேரில் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பது கிருபாசங்கரின் கனவு. கல்யாணமான நாளில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். மாமனாரும் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

"பாக்கலாங்க மாப்ள."

அவ்வளவுதான் சொல்வார். கொங்கு நாட்டில் 'பாக்கலாங்க' என்றால் 'நடக்காது' என்று அர்த்தம். இத்தனை படித்தவனுக்கு அது விளங்கவே பல வருஷமாயிற்று. விளங்கிய அன்றுதான் இந்த யோசனை பிறந்தது.

கத்தி வேண்டாம். விஷம் வேண்டாம். கூலிப்படை வேண்டவே வேண்டாம். அவன்கள் பாதி வேலையில் சம்பளத்தை ஏற்றிக் கேட்பான்கள்.

மூளை போதும்!

மாமனாரின் மூளை.

மூளையின் அடியில், பாதாம்பருப்பு அளவுக்கு ஓர் இடம். ஹைப்போதலாமஸ் என்று பெயர். அங்கே சில செல்களுக்கு ஒரே வேலை. ஓடுகிற ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ருசி பார்த்துக்கொண்டே இருப்பது! சாயப்பட்டறையில் பாய்லர்காரன் முள்ளைப் பார்த்தபடி நிற்கிறானே, அந்த மாதிரி. லீவு கிடையாது, ஷிப்ட் மாற்ற ஆள் கிடையாது.

சர்க்கரை இறங்கினால் அவன் சங்கைப் பிடித்து ஊதுவான். ஊதினால் கை நடுங்கும், நெஞ்சு திடுதிடுக்கும், உடம்பு வேர்க்கும், கோரப்பசி எடுக்கும். கல்லீரல் தன் குடோனைத் திறந்து சேர்த்து வைத்த சர்க்கரையை அள்ளிவிடும். மனுஷனும் ஓடிப்போய் எதையாவது தின்பான். பிழைத்துக்கொள்வான்.

சரி, அந்தச் சங்கை ஊத விடாமல் செய்துவிட்டால்?

அதற்கு வழி இருக்கிறது. அடிக்கடி சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருந்தால் பாய்லர்காரனுக்கு அது பழகிப்போகும். 'முள்ளு எப்பவும் கீழதான் நிக்கும் போல' என்று சங்கைத் தொடாமல் உட்கார்ந்துவிடுவான். தினமும் அரைவயிறாய்ப் போட்டால் ஆள் பசிக்கிறது என்று சொல்வதையே நிறுத்திவிடுகிறான் இல்லையா? முதலாளிகள் எப்போதோ கண்டுபிடித்ததை விஞ்ஞானிகள் இப்போதுதான் எலியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பொங்கியண்ணனுக்கு இருந்தது லேசான சர்க்கரை. நடந்தாலே அடங்கும். கிருபாசங்கர் பாசமாய் இன்சுலின் ஊசியை எழுதிக் கொடுத்தான். வாராவாரம் போனில் அளவை ஏற்றினான்.

"மாமா, இன்னிக்கு இருந்து கொஞ்சம் எச்சாப் போட்டுக்குங்க."

"ஆகட்டுங்க மாப்ள."

"மயக்கம், நடுக்கம் ஏதாச்சும் வருதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க மாப்ள. மருந்து நல்லாக் கேக்குதுங்க."

நடுக்கம் இல்லை! பாய்லர்காரன் தூங்கிவிட்டான்!

கடைசியாக ஒரு புதுப் பேனா ஊசியைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து, இன்று காலையில் இருந்து போடச் சொன்னான். வெளியே அதே லேபிள். உள்ளே இருந்தது வேறு சரக்கு. யானையைச் சாய்க்கும் வீரியம்.

சங்கு ஊதாது. வேர்க்காது. படுத்த ஆள் படுத்தபடியே போவார். பொழுது இறங்குவதற்குள் எரித்துவிட்டால், ஊரில் எல்லோரும் 'தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்' என்று பொறாமைப்படுவார்கள்.

கிருபாசங்கர் காரைக் கிளப்பினான். மெதுவாகத்தான்.

பல்லடம் தாண்டியதும் மாமியாருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். எடுக்கவில்லை.

முடிந்தது! ஒப்பாரி வைக்கிற வீட்டில் யார் போன் எடுப்பார்கள்?

இங்கேதான் அந்த அதிபுத்திசாலி ஒரு காரியம் செய்தான்.

அவனுக்கு ஒரு சகலை. அருண்குமார். திருப்பூரில் பனியன் கம்பெனி. போன தடவை பெரிய மாமா போய்ச்சேர்ந்தபோது, பிணத்தைக் குளிப்பாட்டும் முன்னாலேயே அருண்குமாரின் கண்ணீர் அஞ்சலி பேனர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. கிருபாசங்கரின் பேனர் கருமாதிக்குத்தான் வந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் சிரித்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

வெள்ளகோவில் பிளெக்ஸ் கடை பிரான்சிஸைப் பிடித்தான்.

"பிரான்சிஸ்... மாமா போயிட்டாருங்க."

"அய்யய்யோ! எப்பங்க டாக்டரே? காலைல கெடாவெட்டுல பாத்தேனுங்களே! ரெண்டாந்தரம் கறி வாங்குனாருங்க!"

"அதெல்லாம் அப்பறம். நான் அனுப்பிச்சு வெச்ச படம் இருக்குதுங்களா?"

"நீங்க கைகூப்பி நிக்கற படங்களா? இருக்குதுங்க. அது போன வாரமே வந்துருச்சுங்களே... எதுக்குன்னு அப்பவே ரோசனை பண்ணுனேன்."

"ரோசனை பண்ணாம அடிங்க. பஸ் ஸ்டாண்டுல பெருசா ஒண்ணு. அருண்குமார் பேனர் வரதுக்குள்ள என்னுது நிக்கோணும்!"

"மாமா படம் எவ்வளவு பெருசுங்க?"

"எடமிருந்தாப் போடுங்க."

"ஐஸ் பொட்டிக்கும் சொல்லிரட்டுங்களா? நம்ம மச்சான்தானுங்க வெச்சிருக்கான்."

"சொல்லிருங்க. நல்ல பொட்டியா... லைட் எரியறதா."

அடுத்து காங்கயத்தில் நிறுத்தி, ஆளுயர ரோஜா மாலை ஒன்று வாங்கிப் பின்சீட்டில் போட்டான்.

வெள்ளகோவில்.

பஸ் ஸ்டாண்ட் வாசலில் பேனர் நின்றது. வெள்ளைக் கோட்டில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன், கைகூப்பி ஆளுயரத்துக்குக் கிருபாசங்கர். மூலையில் தபால் தலை அளவுக்குப் பொங்கியண்ணன். சகலையின் பேனரைக் காணோம்!

அவனுக்குப் புல்லரித்தது.

மாமனார் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேர். கும்பல். ஐஸ் பெட்டி வண்டி, லைட் எரிய. எல்லாம் பாந்தமாக இருந்தது. ஓரமாக நின்ற போலீஸ் ஜீப் மட்டும்தான் கண்ணை உறுத்தியது.

ஜீப்பா?

மாலையைத் தோளில் தூக்கிக்கொண்டான். முகத்தைக் கோணினான். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்தான்.

"மாமா...! எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா...!"

என்று ஓடினான்.

"வாங்க மாப்ள."

நின்றான்.

நடு சேரில், காலை நீட்டி, காப்பி டம்ளரோடு பொங்கியண்ணன்!

"நீங்க எங்கிங்க போகச் சொல்றீங்க? இங்கதானுங்க இருக்கறேன். மாலை கனமா இருக்கும், எறக்கி வையுங்க. ஏ புள்ள... மாப்ளைக்குக் காப்பி!"

கிருபாசங்கரின் தோளில் இருந்து மாலை நழுவி அவன் காலிலேயே விழுந்தது.

"மா... மாமா... நீங்க... தூங்கி..."

"கெடாவெட்டுக் கறியைத் தின்னுபோட்டு சித்த கண்ணசந்தேனுங்க. காது மிசினைக் கழட்டி வெச்சுட்டா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காதுங்க, உலுக்குனாலும் தெரியாதுங்க. உங்கத்தை போனைக் கூட எடுக்காம எழுப்பிட்டே இருந்திருக்கா. எந்திரிச்சுப் பாத்தா வாசல் நெறைய மாலை! இத்தனை மரியாதை உசுரோட இருக்கறப்பக் கெடைக்கலீங்க."

கும்பலில் ஒருவர் இடைமறித்தார்.

"நாங்க மாலை வாங்குனது உங்களுக்கு இல்லீங்க. பேனர்ல டாக்டர் படம்தானுங்க பெருசா இருந்துச்சு. செத்தது அவருன்னு நெனைச்சுப் போட்டோம்!"

சிரிப்பு வெடித்தது.

"டாக்டர் கிருபாசங்கர் நீங்கதானுங்களா?"

இன்ஸ்பெக்டர் லோகப்பிரியா. கையில் லத்தியும் இல்லை, முகத்தில் கோபமும் இல்லை. வாய் மட்டும் லேசாகக் கோணியிருந்தது.

"பெரியவரு ஸ்டேசனுக்கு வந்தாருங்க. 'என்னைய யாரோ சாகடிச்சுப் போட்டாங்க, கண்டுபுடிச்சுக் குடுங்க'ன்னாரு. செத்தவரே நேர்ல வந்து புகார் குடுத்தா நான் எந்த செக்சன்ல கேஸ் போடறதுங்க?"

"அது... பதட்டத்துல... அத்தை அழுதாங்க... நான்..."

"பதட்டத்துல ஆஸ்பத்திரிக்குச் சொல்லாம ஐஸ் பொட்டிக்குச் சொன்னீங்களா?"

"மேடம், நான் ஒரு டாக்டர்..."

"அதனாலதானுங்க கேக்கறேன்."

கிருபாசங்கருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஊசி போட்ட ஆள் எப்படிக் காப்பி குடிக்க முடியும்?

"மாமா... காலைல ஊசி..."

"ஆச்சுங்க மாப்ள."

"சும்மா சொல்லாதீங்க! அதைப் போட்டிருந்தா நீங்க இந்நேரம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லோகப்பிரியா ஒரு சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போட்டிருந்தா இந்நேரம்? சொல்லுங்க டாக்டர். மேல சொல்லுங்க."

"நல்லா... சுறுசுறுப்பா இருப்பாருன்னு..."

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. எனக்கு ஊசின்னா சின்ன வயசுல இருந்தே பயமுங்க. ஒரு நாளு கூடப் போட்டதில்லீங்க. காலங்காத்தால தோட்டத்தைச் சுத்தி நடக்கறேன். அதுலயே சக்கரை அடங்கிருச்சுங்க."

"வாராவாரம் போன்ல 'ஆச்சுங்க, ஆச்சுங்க'ன்னீங்களே!"

"ஊட்டு மாப்ள ஒண்ணு சொல்லி, மாட்டேன்னு சொன்னா மரியாதையாங்க?"

அடப்பாவிகளா! மாப்பிள்ளைக்கு மரியாதை! இந்த வீட்டில் யாரும் அவன் பேச்சைத் தட்டியதே இல்லை. கேட்டதும் இல்லை!

'சரி, தப்பித்தோம்' என்று கிருபாசங்கரின் மூளை கணக்குப் போட்டது. சாவு இல்லை. கொலை இல்லை. பேனருக்கு ஒரு மன்னிப்பு. அந்தப் பேனா ஊசியை மட்டும் நைசாக எடுத்துக்கொண்டு போய்விட்டால்...

"சரிங்க மாமா. மருந்தை வீணாக்க வேண்டாங்க. அந்த ஊசியெல்லாம் குடுங்க, கிளினிக்ல ஏழைபாழைக்கு ஆகும்."

சாமியாத்தாள் காப்பியோடு வந்தாள். முகமெல்லாம் பெருமை.

"வீணாக்குவனுங்களா மாப்ள? அவ்வளவு ஒசத்தியான மருந்து! எல்லாத்தையும் உங்கம்மாவுக்குக் குடுத்துப்போட்டனுங்க. சம்பந்திக்கும் சக்கரைதானுங்களே!"

"எ... என்ன?"

"அப்பப்பக் குடுத்துருவனுங்க. நீங்க கடைசியாக் கொண்டாந்த புதுசைக் கூட நேத்துக் குடுத்தேன். 'காலைல மொதல் வேலையாப் போட்டுக்கறேன்'னு வாங்கிட்டுப் போனாங்க."



அம்மா!

காளியாத்தாள். பெருந்துறையில் தனி வீடு. அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள். இந்த உலகத்தில் அவன் பொய் இல்லாமல் நேசித்த ஒரே ஜீவன்.

சட்டென்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளைக்கு முன் அம்மா போனில் சொன்னாள். "கை காலெல்லாம் ஒரே நடுக்கம் கண்ணு." அவன் பிஸி. "வயசாச்சில்லம்மா" என்று வைத்துவிட்டான். போன வாரம் அவளே கூப்பிட்டாள். "இப்ப நடுக்கமே இல்ல கண்ணு. நல்லா இருக்கறேன்."

வேறு எந்த மகனுக்கும் அது நல்ல செய்தி.

நடுக்கம் ஏன் நின்றது என்று இவனுக்குத்தான் தெரியுமே! மாமனாருக்கு என்று பறித்த குழியில், அம்மாவின் பாய்லர்காரன் அல்லவா தூங்கிவிட்டான்!

பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினான். மணி அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை.

அடுத்த வீட்டு மாசாணியம்மாளைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா! அம்மா எங்கக்கா?"

"மத்தியானமே கதவைச் சாத்திப் படுத்தாங்க கண்ணு. இன்னும் எந்திரிக்கக் காணோம். தட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல..."

"கதவை ஒடைங்கக்கா! சக்கரை... வாயில சக்கரையைப் போடுங்க!"

"என்ன கண்ணு சொல்ற? அவங்களுக்கே சக்கரை வியாதி! நான் பண்ண மாட்டேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

கிருபாசங்கர் லோகப்பிரியாவின் பக்கம் திரும்பினான்.

"மேடம்! பெருந்துறைக்குச் சொல்லுங்க! ஆம்புலன்ஸ்ல குளுக்கோஸ் பாட்டிலோட... உடனே!"

"எதுக்குங்க? இங்க மாமனாரு படுத்திருந்தப்ப சக்கரைத் தண்ணி கூட ஆகாதுன்னீங்களாமே. அம்மாவுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?"

அவன் நெற்றி வேர்த்தது. கை நடுங்கியது. நெஞ்சு திடுதிடுத்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. யாருடைய மூளையிலோ ஊத வேண்டிய சங்கு அவன் மூளையில் ஊதியது!

சொன்னால் ஜெயில்.

சொல்லாவிட்டால் அம்மா.

வெட்கக்கேடு என்னவென்றால், அவன் யோசித்தான். கொஞ்ச நேரம்தான். ஆனால் யோசித்தான்.

"அக்கா, கதவை ஒடைங்க..." அழுதுவிட்டான். "மேடம், அந்தப் பேனாவுல இருக்கறது வேற மருந்துங்க! மாமாவைக் கொல்லறதுக்கு நான்தான் மாத்தி வெச்சேன்! எங்கம்மா செத்துருவாங்க... காப்பாத்துங்க!"



ஐஸ் பெட்டிக்காரன் லைட்டை அணைத்தான்.

பொங்கியண்ணன் மட்டும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

"நெலம் வேணுமுன்னா இன்னொருக்காக் கேட்டிருக்கலாமுங்களே மாப்ள."

லோகப்பிரியா அதற்குள் பெருந்துறையைப் பிடித்துவிட்டாள். அங்கிருந்து ஜீப் கிளம்பியது. ஆம்புலன்ஸ் கிளம்பியது. போனில் கதவு உடையும் சத்தம். ஓர் அலறல். அப்புறம் எதுவுமில்லை.

கிருபாசங்கர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். மாமியார்கூடப் பக்கத்தில் வரவில்லை.

யுகம் மாதிரி நேரம் போனது.

டிரிங்...

அம்மா நம்பர்!

"அம்மா...!"

"எந்தக் கெரகம் புடிச்சவன்டா என்ற ஊட்டுக் கதவை ஒடைக்கச் சொன்னவன்?" காளியாத்தாளின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "சிவனேன்னு தூங்கிட்டிருந்தேன்! திருடன் வந்துட்டான்னு கத்த வாயைத் தொறந்தா, இந்த மாசாணி ஒரு கைச் சக்கரையை அள்ளிப் போட்டுட்டாடா! துப்பித் துப்பி இன்னும் போகல!"

"அம்மா... நீ அந்த ஊசி... போட்டுக்கலையாம்மா?"

"எந்த ஊசி? சம்பந்தியம்மா குடுக்கறதா? ஆரம்பத்துல ஒரு நாள் போட்டேன். கையும் காலும் ஆடிருச்சு. உள்ளுக்குள்ள என்னமோ 'தொடாதடி'ன்னு கத்துச்சு. அன்னிக்கே நிறுத்திப் போட்டேன். அப்பறந்தான் நடுக்கமே நின்னுச்சு."

"அப்பறம் எதுக்கும்மா வாங்கிட்டு வந்தே?"

"சம்பந்தி ஆசையாக் குடுக்கறப்ப வேண்டாம்னு சொன்னா நல்லாவாடா இருக்கும்? வாங்கி வாங்கி பிரிட்ஜுல அடுக்கியிருக்கறேன். நேத்துக் குடுத்தது பிரிக்கவே இல்ல, அப்படியே இருக்குது. இங்க ஒரு போலீஸ்காரத் தம்பி அதையே பாத்துட்டு நிக்கறாரு. குடுத்துரட்டுமா கண்ணு?"

யாரும் சாகவில்லை. மாமனார் இல்லை, அம்மா இல்லை, ஓர் எலிகூட இல்லை. கொலைகாரன் மட்டும் ஊரைக் கூட்டி வைத்து ஒப்புக்கொண்டிருக்கிறான். சாட்சிக்குப் பாதி வெள்ளகோவில். தடயம் பிரிக்காமல், பத்திரமாய், குளிர்ச்சியாய்!

லோகப்பிரியா எழுந்தாள்.

"கெளம்பலாங்களா டாக்டர்?"

இரண்டு போலீஸ்காரர்கள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். உதடு உலர்ந்து ஒட்டியது.

"ஏனுங்க, சித்த இருங்க!" பொங்கியண்ணன் குறுக்கே வந்தார். மாமியார் கொண்டுவந்து வைத்த டம்ளரை எடுத்து நீட்டினார். "எங்கூட்டுக்கு வந்த மாப்ள வெறும் வாயோட போகக் கூடாதுங்க. ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க."

கிருபாசங்கர் டம்ளரைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். மறுபடியும் டம்ளரைப் பார்த்தான். கை மேலே எழவில்லை.

"யா... யாருங்க மாமா கலக்குனது?"

பொங்கியண்ணன் காது மிஷினைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"பயப்படாமக் குடிங்க மாப்ள. நாங்க அவ்வளவு படிக்கலீங்க!"